ஐம்பது கிலோமீட்டர் பாக்கி

காலை ஆறரை மணி இருக்கும். பெரம்பலூர் துறைமங்கலத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடங்களுக்கு நடுவே வழி கேட்டு வண்டியைத் தெருவுக்கு இறக்கினேன். இருபது வயதான நூறு சிசி மோட்டார் சைக்கிள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் இன்னும் ஐம்பத்திரண்டு. போகும்போது வண்டியில் போவது, அதை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவது. திட்டம் இவ்வளவுதான். இதைப் போய் ஒரு பயணம் என்று எழுதுகிறாளே என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். கடல் கடந்து போகிறவர்களும் எதையாவது பார்க்கத்தான் போகிறார்கள். நான் ஐந்து பூஜ்யங்களைப் பார்க்கக் கிளம்பினேன்.

வண்டி என் வீட்டுக்காரர் முருகேசனுடையது. எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் திருச்சியில் பழைய வண்டி விற்கிற ஒரு கடையில் வாங்கினார். டாக்டர் வைத்திருந்த வண்டி, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் ஓடியது என்று விற்றவன் சொன்னான். மீட்டரும் அதற்கு ஏற்றாற்போல் பதினோராயிரத்துச் சொச்சம்தான் காட்டியது. அன்றிலிருந்து அந்த மீட்டர்தான் அவருக்கு எல்லாம். பெட்ரோல் போட்டால் மீட்டரைப் பார்ப்பார், மழையில் நனைந்து வந்தாலும் முதலில் மீட்டரைத் துடைப்பார். மாதம் ஒருமுறை ஆண்டிமடத்தில் அவர் தம்பி வீட்டுக்குப் போவோம். போய் இறங்கியதும், "எண்பதாயிரம் தாண்டிட்டேன்டா", "தொண்ணூறு தொட்டுட்டேன்டா" என்று ஏதோ தானே நடந்து வந்த மாதிரி அளப்பார்.

அந்த வண்டியின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு அது போக இடமில்லாமல் ஐந்தும் பூஜ்யமாகிவிடும். "அன்னிக்கு நீ கண்டிப்பா பின்னாடி இருக்கணும். அஞ்சும் ஒண்ணா உருளுறத எட்டிப் பாக்கணும். ஒரு லட்சம் கிலோமீட்டர் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனவன் வேற எவன் இருக்கான்?" என்பார். நான் பின்னால் உட்காராத நாட்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதானா என்று கேட்டால் மீட்டரைத் துடைக்கப் போய்விடுவார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் மீட்டர் நின்றது. சரியாக 99,950. முள் அசையவில்லை, எண்ணும் உருளவில்லை. இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பாக்கி. மனிதர் இடிந்துபோனார். மீட்டர் ஓடாமல் வண்டி ஓட்டினால் அந்தத் தூரம் கணக்கில் வராது என்று வண்டியை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். பிடிவாதமாக பஸ்ஸில் போய் வந்தார். மீட்டரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டே இருந்தார். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் எண்களைப் படித்துச் சொல்லி எச்சரிக்கிறவள். என் வீட்டில் எனக்கு எந்த எண்ணும் முன்கூட்டி எதையும் சொல்லவில்லை.

இந்த மாதக் கடைசியோடு வண்டியின் பதிவு முடிகிறது. மறுபடி புதுப்பிக்க எனக்குத் தெம்பில்லை. ஆண்டிமடத்தில் கொழுந்தனார் சேகர், "இங்க விட்டுருங்க அண்ணி, தோப்புக்குள்ள ஓட்டிக்கிறேன்" என்றார். சரி என்றேன். ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டரை முடிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, முன்னால் உட்கார்ந்தாவது பார்த்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

பெரம்பலூரில் நான் ஏறாத மெக்கானிக் கடை இல்லை. கேபிள் மாற்றினார்கள், முன் சக்கரத்தில் கேபிளைச் சுற்றிவிடுகிற பல்சக்கரத்தையும் மாற்றினார்கள். மீட்டர் அசையவில்லை. "மீட்டரே ஜாம் ஆயிடுச்சுங்கக்கா. புதுசு போட்டுக்கங்க, அறுநூத்தம்பது ரூபா" என்றார் நான்கு ரோடு பக்கத்தில் கடை வைத்திருப்பவர்.

"புதுசுல பழைய நம்பர் வருமா?"

"அது எப்பிடிங்க வரும்? புதுசுல எல்லாம் பூஜ்யமாத்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அறுநூற்றைம்பது ரூபாய்க்கு டப்பாவில் போட்டுப் பூஜ்யம் தருகிறார்கள். அவர்தான் கடைசியில், அரியலூரில் செந்துறை ரோட்டில் பாலு என்று ஒருவர் இருக்கிறார், லாரி மீட்டர்களைப் பிரித்துச் சரிசெய்கிறவர், பைக் மீட்டரும் பார்ப்பார் என்று வழி சொன்னார்.

ஏழு மணிக்கு நான்கு ரோட்டைத் தாண்டினேன். சேலை கட்டிக்கொண்டு கியர் வண்டி ஓட்டுகிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணைப் பெரம்பலூர் இன்னும் பழகிக்கொள்ளவில்லை. ஒரு டவுன் பஸ் முழுக்க ஜன்னலோரம் சாய்ந்து பார்த்தது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். பைபாஸ் ஓரத்து சர்வீஸ் ரோட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்ச விடு, விடு, அய்யோ, இப்பிடியா விடுவாங்க" என்று கத்துவார். பேரளி தாண்டியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். அறுவடை முடிந்த வயல்களில் தட்டை காய்ந்து நின்றது. சித்தளியில் ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். அதற்கப்புறம் கல் லாரிகள் வரத் தொடங்கின. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று முந்திப் போனால் ஒரு நிமிஷத்துக்குக் கண்ணைத் திறக்க முடியாது. அரியலூர் போய்ச் சேர்ந்தபோது என் கறுப்புக் கைப்பை சாம்பல் நிறமாகியிருந்தது. அந்த முப்பது கிலோமீட்டரும் மீட்டரில் ஏறவில்லை. முள் படுத்தே கிடந்தது.

எட்டரை மணிக்குப் பாலுவின் கடையைக் கண்டுபிடித்தேன். தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரண்டு லாரிகள். உள்ளே பலகை மேல் கண்ணாடி கழற்றிய மீட்டர்கள் வரிசையாகக் கிடந்தன. பாலுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறைய திருநீறு, சட்டைப் பையில் இரண்டு சின்ன ஸ்குரூ டிரைவர்கள். கேபிளைக் கழற்றி விரலால் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள தண்ணி போயி துரு புடிச்சிருக்குங்கக்கா. பிரிச்சு சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டா ஓடிரும். யாரு வண்டி?"

"எங்க வூட்டுக்காரர் வண்டி. அவரு இல்ல தம்பி. ஆண்டிமடம் கொண்டுபோயி விடப் போறேன். அதுக்குள்ள மீட்டரு ஓடணும்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார். முகத்தில் ஒரு இரக்கம் வந்ததை நான் கவனித்தேன். புருஷன் செத்தவள் என்று கேட்டால் எல்லோர் முகத்திலும் வருகிற இரக்கம்தான் என்று விட்டுவிட்டேன். பூஜ்யக் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஆளிடம், லாரி டிரைவர்கள் நின்று கேட்கிற இடத்தில், இதை எப்படிச் சொல்வது?

"ஒரு மணி நேரம் ஆவும். டிபன் சாப்பிட்டு வாங்கக்கா. நல்லபடியா பண்ணித் தரேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஓட்டலில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம். ஆனாலும் ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். ஆண்டிமடத்துக்கு ஐம்பத்திரண்டு, பாக்கி ஐம்பது. ஊருக்குச் சற்று முன்னால் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் பூஜ்யம் விழும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தால் அழுதுகொள்ளலாம், அந்த ரோட்டில் யாரும் நின்று கேட்கமாட்டார்கள்.

திரும்பி வந்தபோது மீட்டர் வண்டியில் மாட்டியிருந்தது. கண்ணாடி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. பாலு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். முள் துள்ளி எழுந்து இருபதைத் தொட்டது. அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

38,412.

கண்ணாடியில் வெயில் அடிப்பதால் தப்பாகத் தெரிகிறது என்று நினைத்துக் கையால் மறைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டுதான்.

"தம்பி, நம்பர் எங்க?"

பாலு சிரித்தார். பெருமையான சிரிப்பு. "கொறச்சு வச்சிருக்கேங்கக்கா. லட்சம் ஓடுன வண்டின்னு தெரிஞ்சா எவனும் அஞ்சாயிரத்துக்கு மேல கேக்க மாட்டான். ரொம்பக் கொறச்சாலும் சந்தேகம் வந்துரும். முப்பத்தெட்டுன்னா நம்புற மாதிரி இருக்கும். இதுக்கு மத்தவங்ககிட்ட தனியா காசு வாங்குவேன். ஒங்ககிட்ட வாங்கல."

"நான் எப்ப விக்கிறேன்னு சொன்னேன்?"

"விடப் போறேன்னீங்களே?"

விடப் போகிறேன். நான் சொன்ன வார்த்தைதான். வீட்டில் விடுவதற்கும் அதுதான் வார்த்தை, விற்றுத் தள்ளிவிடுவதற்கும் அதுதான். பழைய வண்டியின் மீட்டரைச் சரிசெய்ய அவ்வளவு தூரம் வருகிறவர்கள் வேறு எதற்கு வருவார்கள்? நல்ல மனசோடு, புருஷன் இல்லாத ஒருத்தியை ஆண்டிமடத்தில் யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று, என்னுடைய பதினேழு வருஷத்தை ஒரு மணி நேரத்தில் திருப்பிவிட்டார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. லாரி டிரைவர் ஒருவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். வெட்கப்பட்டு மறைத்த பூஜ்யக் கதையை அத்தனை பேர் முன்னால் உடைத்துச் சொன்னேன். அவர் எட்டிப் பார்க்கச் சொன்னதை, பஸ்ஸில் போய் வந்ததை, காபி டம்ளரை, எல்லாவற்றையும் சொன்னேன். பாலுவின் முகம் தொங்கிப்போனது.

"எனக்கு எப்பிடிங்கக்கா தெரியும்? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார். பிறகு அவசரமாக, "ஒண்ணும் கெட்டுப்போவல. ரெண்டு நிமிஷம். பழைய நம்பரே வச்சுத் தந்துடறேன்" என்று மீட்டரை மறுபடி கழற்றினார். கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தை நெம்பித் திறந்தார். உள்ளே ஐந்து சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை வெள்ளை எண்கள். வளைந்த ஊசி ஒன்றை எடுத்து முதல் சக்கரத்தைத் தள்ளப் போனார்.

"இது செய்யிற வேலையா? அத்தன வருஷ ஓட்டத்த ஒரு ஊசியால..." என்று நான் முடிப்பதற்குள் பாலு குறுக்கிட்டார்.

"எல்லாரும் பண்றதுதாங்கக்கா. கோச்சுக்காதீங்க. சொல்லக் கூடாதுதான். ஒங்க மீட்டரும் ஏற்கெனவே ஒரு தரம் திருப்புனதுதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் மீட்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதல் இரண்டு சக்கரங்களின் ஓரத்தில் பழைய கீறல்கள் இருந்தன. துரு ஏறிக் கறுத்த கீறல்கள். வளையத்தின் பின்பக்கம் இரண்டு தடவை நெம்பிய தடம் இருந்தது. ஒன்று இன்றைக்குப் பட்டது, பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்று மங்கி ஓரத்தில் அழுக்கு ஏறியிருந்தது.

"இது நான் போட்டதில்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரோ பண்ணது. புதுசாவா வாங்குனீங்க, பழசாவா?"

"பழசு. டாக்டர் வண்டின்னாங்க."

பாலு குனிந்து ஊசியைத் துடைத்தார். லாரி டிரைவர்தான், "எல்லா வண்டியும் டாக்டரு வண்டிதாம்மா" என்றார்.

"எவ்வளவு திருப்பியிருப்பாங்க?"

"அத எப்பிடிக்கா சொல்றது? பத்தாயிரமும் இருக்கலாம், நாப்பதாயிரமும் இருக்கலாம்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். ஒரு லட்சம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வருஷத்தில் அது முடிந்துவிட்டது. எண்பதைத் தாண்டினேன் என்று தம்பியிடம் அளந்தபோதே அது முடிந்திருக்கலாம். கடைசி நாலு மாதம் அந்த மனிதர் வண்டியைத் தொடாமல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனது எதற்காக? திருச்சியில் பெயர் தெரியாத ஒருவன் ஊசியால் தள்ளிவைத்த பொய்க்காக. எனக்கு விற்றவன் மேல்கூடக் கோபம் வரவில்லை. இவ்வளவு ஏமாளியாக ஒருவர் இருந்துவிட்டுப் போயிருக்கிறாரே என்றுதான் இருந்தது.

பாலு ஊசியைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எவ்வளவு வைக்கட்டுங்கக்கா? சொல்லுங்க, வச்சுடறேன்."

99,950 என்று சொல்லியிருக்கலாம். கிலோமீட்டர் கிலோமீட்டராக ஓட்டிப் போய் முந்திரித் தோப்பில் பூஜ்யத்தைப் பார்த்திருக்கலாம். வாய் வரவில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வைத்த எண்ணிலிருந்து வருகிற பூஜ்யத்தை, தானாக விழுந்தது என்று எப்படி நான் போய்ப் பார்ப்பது?

"இருக்கறதே இருக்கட்டும், மூடுங்க" என்றேன்.

கூலி வாங்கமாட்டேன் என்றார். இருநூறு ரூபாயைப் பலகை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பத்தரை மணிக்கு அரியலூரை விட்டேன். மீட்டர் அருமையாக வேலை செய்தது. நாற்பது, நாற்பத்தைந்து என்று முள் நடுங்காமல் நின்றது. வி.கைகாட்டியில் கல் லாரிகள் வரிசையாக நின்றன. தத்தனூர் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் ஒரே கேள்விதான். எந்த இடத்தில் தாண்டியிருப்போம்? ஆண்டிமடம் போகும்போதெல்லாம் இதே ரோட்டில்தான் போனோம். உடையார்பாளையத்தில் மழைக்கு ஒதுங்கி ஒரு சைக்கிள் கடையில் ஒரு மணி நேரம் நின்றோமே, அன்றைக்காக இருக்கலாம். ஜெயங்கொண்டத்தில் ஒரு நகைக்கடை வாசலில் சண்டை போட்டுக்கொண்டு ஊர் வரைக்கும் பேசாமல் போனோமே, அன்றைக்காகவும் இருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அந்த நேரம் நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை நினைத்ததும் ஓட்ட முடியவில்லை. ஜெயங்கொண்டம் தாண்டி ஒரு வேலிக்கருவை நிழலில் நிறுத்திவிட்டு அழுதேன். பூஜ்யத்துக்காக வைத்திருந்த அழுகை வேறு ஒன்றுக்குச் செலவானது.

பன்னிரண்டேகாலுக்கு ஆண்டிமடம். சேகர் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைத் தடவிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவர் அண்ணனைப் போலவே குனிந்து மீட்டரைத் துடைத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணி, முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கா?" ஆச்சரியமாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "லட்சம் லட்சம்னு அண்ணன் நம்மள எல்லாம் நல்லா ஏமாத்தியிருக்கு. அதுக்கு எப்பவுமே கொஞ்சம் கூட்டிச் சொல்ற பழக்கம்."

பிரியமாகத்தான் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார். அந்த மனிதர் வாழ்நாளில் அடித்துக்கொண்ட ஒரே பெருமை. அதையும் நானே சுமந்து கொண்டுவந்து பொய்யாக்கிவிட்டேன்.

"லட்சத்துக்கு மேலதான் தம்பி ஓடியிருக்கு. அவரு கூட்டிச் சொல்லல, கொறச்சுத்தான் சொல்லியிருக்காரு" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், கீறல்களைப் பற்றியும் சொன்னேன். சேகர் தலையாட்டிக் கேட்டார். துக்கத்தில் இருப்பவள் சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டினார். பிறகு ஓரக்கண்ணால் இன்னொரு தடவை மீட்டரைப் பார்த்தார். மீட்டரில் இருப்பதைத்தானே யாரும் நம்புவார்கள்? அவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். முந்திரிப் பருப்புப் போட்ட குழம்பு. முந்திரியை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

மூன்று மணிக்கு பஸ். ஜெயங்கொண்டத்தில் இறங்கி அரியலூர் வழியாகப் பெரம்பலூர் போகும் பஸ்ஸில் மாறினேன். அறுபத்தைந்து ரூபாய் டிக்கெட். டிரைவருக்குப் பக்கவாட்டில் முன் இருக்கை கிடைத்தது. பஸ் சரியான வேகம். நாங்கள் சண்டை போட்ட நகைக்கடையையும், மழைக்கு ஒதுங்கிய சைக்கிள் கடையையும், லாரி வரிசையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு பறந்தது. தற்செயலாக டிரைவர் முன்னால் இருந்த மீட்டரைப் பார்த்தேன். முள் அடியில் படுத்துக் கிடந்தது.

"மீட்டர் ஓடலீங்களா?" என்று கேட்டேன்.

"அது நின்னு எத்தனையோ வருஷமாச்சும்மா. அது ஓடலன்னா என்ன, வண்டி ஓடுதுல்ல" என்றார் டிரைவர்.

வீட்டில் வண்டி நிற்கிற இடத்தில் இனி என்ன வைப்பது என்று தெரியவில்லை. அரியலூர் வந்தது, சித்தளி வந்தது, பேரளி வந்தது. பஸ் அறுபதிலோ எழுபதிலோ போய்க்கொண்டிருந்தது. முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. பெரம்பலூர் வரைக்கும் முன்னால் எட்டி எட்டி அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.